மாமியார் கிரேன் ஏறிய நாள்

மருமகளுக்கு மேலே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றுதான் மகன் தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். அதில் பொய் என்று எதுவும் இல்லை. அவள் மேலேதான் உட்கார்ந்திருந்தாள். பழைய இரும்பு யார்டின் நடுவில் நிற்கும் கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், இரண்டு கைக்கும் இரண்டு லீவரோடு. கூண்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் கையிலிருந்து ஒரு வட்டக் காந்தம் தொங்கும். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். பொத்தானை அமுக்கினால் லாரி எஞ்சின் ஒன்று குண்டூசி மாதிரி எழும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி அமுக்கினால் விழும். யார்டில் அவளுக்கு வைத்த பெயர் மேல்மாடி.

மாமியாரின் மனசிலிருந்த மாடி வேறு. அதில் மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது, பேனா ஸ்டாண்டு இருந்தது. "என் மருமகள் மாடி ஆபீஸ்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த மாடியை இடித்துத் தள்ளியவள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. பொத்தான் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உங்க மருமகள் ராட்டினம் ஓட்டுறாங்களாமே? என் தம்பி பார்த்தானாம்."

மாமியார் வீட்டுக்குள் போனாள். அலமாரியைத் திறந்து செம்புச் சொம்பை எடுத்தாள்.

அந்தச் சொம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணமாகி வந்தபோது அவளுடைய மாமியார் அவள் கையில் கொடுத்தது அது. "சுத்தச் செம்பு. நம்ம குடும்பத்துக் கௌரவம்" என்று சொல்லிக் கொடுத்தாராம். உள்ளே ஈயம் பூசியிருக்கும். வெளியே எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் விடியற்கால வெயில் போல இருக்கும். அடியில் ஒரு கருத்த புள்ளி மட்டும் எத்தனை தேய்த்தும் போகாது. வீட்டில் யாரையாவது கண்டிக்க வேண்டிய நாட்களில்தான் சொம்பு வெளியே வரும். மருமகள் சீர்வரிசையாக அலுமினியப் பாத்திரம் கொண்டுவந்தபோது ஒருமுறை வந்தது. "நாங்க செம்புக் குடும்பம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிலிருந்து ஒரு மடக்குக் குடித்தாள் மாமியார். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

இப்போது அந்தச் சொம்பில் தண்ணீரை நிரப்பி, மூடி போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு யார்டுக்கு நடந்தாள். மருமகளைக் கீழே இறக்கி வீட்டுக்குக் கூட்டிவருவது என்பது முடிவு. இடுப்பு பிடித்துக்கொண்டதென்று கட்டிலில் கிடந்த மாமனார், "எங்கே போறே?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

யார்டு வாசலில் எடைமேடை. அதன் அருகே தகரக் கூரைக்குள் எந்நேரமும் உட்கார்ந்திருப்பவள் முதலாளியம்மா; தராசை விட்டு நகராததால் எல்லோருக்கும் அவள் தராசம்மா. வலது பக்கம் திறந்தவெளியில் இரும்பு மலை: வார்ப்பிரும்பு எஞ்சின் கட்டைகள், சாக்கடை மூடிகள், கட்டடத்துக் கம்பிகள், வாய் பிளந்த பீரோக்கள். இடது பக்கம் கொட்டகைக்குள் செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம். அங்கே தரம் பிரிப்பவன்தான் மகன். யார்டைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே கட்சி. ஒட்டுகிற கட்சி, ஒட்டாத கட்சி. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்க் கட்சி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அம்மா வருவதைப் பார்த்ததும் மகன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். இடுப்பில் சொம்பையும் பார்த்துவிட்டான்.

"வாம்மா, வா! இங்க வா, நிழலுக்கு வா. இது என்ன தெரியுமா? ஈயம். பேட்டரிக்குள்ள இருக்குமே, அது. தூக்கிப் பாரேன், என்னா கனம்!"

"அவ எங்கடா?"

"இது பாரு, மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற செம்புக் கம்பி. ஃபேன், மிக்ஸி, லிஃப்ட், எல்லாத்துக்குள்ளயும் இதுதான் ஓடுது..."

"அவ எங்கடான்னு கேட்டேன்."

"இதைப் பாரும்மா, இது வேடிக்கை. கல்லு உடைக்கிற மெஷினோட தாடை. மாங்கனீசு கலந்த எஃகு. இரும்புக் குடும்பத்துலதான் பொறந்தது, ஆனா காந்தத்துக்கு அடங்காது. என்ன அடிச்சாலும் அடிக்க அடிக்க இறுகிக்கிட்டே போகும்."

"வீட்டுக்கு ஒண்ணு அப்படி வந்து சேரும்" என்ற மாமியார் கழுத்தை அண்ணாந்தாள்.

மேலே கூண்டுக்குள் மருமகள். மஞ்சள் தலைக்கவசம். காந்தம் ஒரு பேருந்தின் பக்கத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வானத்தில் அரைவட்டம் அடித்துக்கொண்டிருந்தது. தகடு காற்றில் அப்பளம் போல வளைந்து வளைந்து ஆடியது.

"ராட்டினமேதான்" என்று முணுமுணுத்தாள் மாமியார். "ஏய்! கீழே இறங்கு!"

எஞ்சின் சத்தத்தில் மேலே எதுவும் கேட்கவில்லை. மருமகள் அத்தையைப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கை ஆட்டினாள். அதுதான் வினையானது.

"கையா ஆட்டுறே? இருடி." சொம்பை மகன் கையில் திணித்தாள். "இந்தத் தண்ணியைக் குடி. சொம்பைப் பத்திரமா வச்சுக்க. இதுல ஒரு கீறல் விழுந்தாலும் நீ என் புள்ளை இல்லை." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிரேன் ஏணியில் கால் வைத்தாள்.

மகன் கெஞ்சினான். தராசம்மா தராசை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். யாருக்கும் நிறுத்தத் தைரியமில்லை. தலைக்கவசம் ஒன்றை மட்டும் தராசம்மா ஓடிப்போய் அவள் தலையில் கவிழ்த்தாள். மருமகள் காந்தத்தைக் கீழே கிடத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்து, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் இருந்தால் ஏணி தெரியாது போலிருக்கிறது. மாமியார் மூச்சு வாங்கவில்லை, நிற்கவில்லை, கீழே பார்க்கவில்லை. சரசரவென்று ஏறிப் போய்க் கூண்டுக்குள் விழுந்தாள்.

"அத்தை! உக்காருங்க அத்தை. தண்ணி வேணுமா?"

"தண்ணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மாடி ஆபீஸ்னு சொன்னீங்களே ரெண்டு பேரும், இதான் ஆபீஸா?" என்று ஆரம்பித்தாள் மாமியார். ஒலிபெருக்கிக்கான மைக் ஒன்று இருக்கையின் ஓரத்தில் கிடந்தது. காந்தம் நகரும்போது கீழே உள்ளவர்களை எச்சரிக்கை செய்ய வைத்தது. மாமியார் உட்கார்ந்தது சரியாக அதன் பொத்தானின் மேல். அது இருவருக்கும் தெரியாது.

யார்டின் நான்கு மூலையிலும் மாமியாரின் குரல் முழங்கியது.

"பொம்பளைப் புள்ளை பண்ற வேலையா இது? விழுந்தா என்னாகும்? எலும்பைக்கூட உன் காந்தம் பொறுக்காதுடி!"

கீழே வேலையாட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மகன் கண்களை மூடிக்கொண்டான்.

திட்டுவதற்கு அடுத்த வார்த்தையைத் தேடி முகத்தைத் திருப்பிய மாமியார், கண்ணாடிக்கு வெளியே இருந்ததைப் பார்த்துவிட்டாள். ஊரே கீழே விரித்துப் போட்டிருந்தது. ரயில் பாதை இரண்டு கோடாக மின்னியது. தண்ணீர்த் தொட்டிகள், மொட்டை மாடிகள், கொடியில் காயும் துணிகள். பறவைகள் அவளுக்குக் கீழே பறந்தன.

"அடியம்மா" என்றாள்.

"நல்லா இருக்கில்ல அத்தை?"

"அது யாரு வீடு? அந்தப் பச்சைத் தொட்டி?"

"அது மருந்துக்கடைக்காரர் வீடு. அதுக்குப் பின்னால இருக்கறது நம்ம வீடுதான்."

"நம்ம வீடா! நம்ம வீட்டு மாடியில கம்பளி காயுது பாரு! நான்தான் காலையில போட்டேன்!" மாமியார் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்தாள். "அட, தெருகூட தெரியுதே. யாரோ சிலிண்டர் தூக்கிட்டுப் போறான். தோள்ல வச்சு என்ன வேகமாப் போறான், பாரேன். சட்டை உன் மாமாவோட சட்டை மாதிரியே..."

மாமியாரின் மூக்கு கண்ணாடியில் இன்னும் அழுந்தியது.

"அத்தை, அது மாமாதான்" என்றாள் மருமகள் மெல்ல.

"இடுப்பு புடிச்சிருக்குன்னு ஒரு குடம் தண்ணி எடுக்க மாட்டேன்னாரே! நேரா எதிர்வீட்டுக்குல்ல போறாரு! தையல்காரி வீட்டு சிலிண்டரை முழுசாத் தூக்கறாரே இந்த மனுஷன்!"

இதுவும் நான்கு மூலையிலும் முழங்கியது. யார்டு குலுங்கியது. தராசம்மா சிரித்த சிரிப்பில் எடைமேடையின் முள்ளே ஆடியது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் மாமியாருக்குக் கோபம் வரவில்லை. கீழே நின்றிருந்தால் வந்திருக்கும். இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எறும்பு மாதிரி ஓடுகிற புருஷன் சிரிப்பாகத்தான் தெரிந்தார். அவள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் லாரி வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு குழாய் வியாபாரி இறங்கினார். பழைய பித்தளைக் குழாய்கள், ஒரு லாரி நிறைய, சாக்குச் சாக்காக. தண்ணீர்க் குழாய், வால்வு எல்லாம் செய்கிற ஆலைகள் இதை வாங்கி உருக்கி வார்க்கும் என்பதால் யார்டில் பித்தளைக்கு எப்போதும் தனி மரியாதை. ஆட்கள் சாக்குகளைக் கொட்டிக் குவித்தார்கள். மகன் சொம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டே ஓடி வந்தான். மேலே கிடந்த குழாய்களில் நாலைந்தை எடுத்து அரத்தால் ராவினான். உள்ளேயும் மஞ்சள். கைக்காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. சொம்பு இடைஞ்சலாக இருந்தது. குவியலின் ஓரத்தில், நான்கு குழாய்களுக்கு நடுவில், சாயாமல் பத்திரமாக நிறுத்தி வைத்தான்.

"எல்லாம் ஒரே சரக்குதான் தம்பி. சீக்கிரம் எடை போடச் சொல்லுங்க, எனக்கு வேற ஊருக்குப் போகணும்" என்றார் வியாபாரி.

மேலே மாமியார் இதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே நிற்பவர்களுக்கு லாரியின் பக்கப் பலகைதான் தெரியும். அவளுக்கு லாரியின் வயிறே தெரிந்தது. காலியான தளத்தில் வழியில் மழை பட்டு நனைந்த சாக்குகள் விட்டுப்போன ஈரம்.

"ஏம்மா, அங்க கொட்டறது என்னது?"

"பித்தளை அத்தை."

"பித்தளை பச்சையாத்தானே களிம்பு பிடிக்கும்? நான் எத்தனை வருஷமாத் தேய்க்கிறேன். அந்த லாரித் தளம் ஏன் செங்கல் பொடி கரைச்ச மாதிரி இருக்கு? பித்தளை எங்கயாவது சிவப்பா அழுமா?"

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, அது துரு" என்றாள்.

ஒலிபெருக்கி கேட்டதையெல்லாம் கேட்டபடி ஊருக்குச் சொன்னது. வியாபாரியின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. மகன் லாரியின் சக்கரத்தில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். தராசம்மா நடுவெளிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து கத்தினாள்.

"மேல்மாடி! காந்தத்தை இந்தக் குவியல் மேல கொண்டாம்மா!"

"வேண்டாங்க, வேண்டாங்க!" என்றார் வியாபாரி. "காந்தம் பட்டா பித்தளை கெட்டுப் போயிடுங்க!"

"கெட்டா என் கணக்குல வச்சுக்கறேன்."

எஞ்சின் உறுமியது. மருமகள் ஹாரனை நீளமாக அடித்தாள். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஓடினார்கள். மகனும் ஓடினான். வட்டக் காந்தம் ஆடாமல் அசையாமல் வந்து, குவியலுக்கு ஒரு முழம் மேலே நின்றது.

"அத்தை, அந்தச் சிவப்புப் பொத்தான். நீங்களே அமுக்குங்க."

"நானா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகணும்னுதான் அத்தை."

மாமியார் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றியது. பிறகு குவியல் மூச்சு விட்டது போல ஒருமுறை உப்பியது. மேலே போர்த்தியிருந்த நிஜப் பித்தளை சலசலவென்று இரண்டு பக்கமும் சரிய, உள்ளேயிருந்து குழாய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, முண்டிக்கொண்டு மேலே பாய்ந்தன. தடதட, படபட, டொக். இரும்பில் பித்தளை முலாம் பூசிய குழாய்கள்! காந்தத்துக்குத் தாடி முளைத்தது போல அவை தொங்கின. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று, அதன் வாலில் இன்னொன்று. மருமகள் லீவரை இழுத்தாள். தாடி வானத்துக்கு எழும்பியது. கீழே வேலையாட்கள் விசில் அடித்தார்கள். மாமியார் இருக்கையில் குதித்தாள்.

"வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு! பாரு, அதுவும் வருது, இதுவும் வருது. அந்தச் சொம்புகூட..."

மஞ்சள் தாடியின் ஓரத்தில், மூடி கழன்று, தலைகீழாகத் தொங்கியபடி, தண்ணீரைத் தாரையாக ஊற்றிக்கொண்டு, செம்புச் சொம்பு மேலே வந்துகொண்டிருந்தது. கூண்டின் மட்டத்துக்கு வந்து, கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றது. அடியிலிருந்த கருத்த புள்ளி காந்தத்தோடு அப்பிக்கொண்டிருந்தது.

மருமகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லீவரைப் பார்த்தாள். கீழே விசில் நின்றது. சொம்பின் கதை யார்டுக்கே தெரியும். அலுமினியப் பாத்திரக் கதையை மருமகளே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஏன்டி" என்றது ஒலிபெருக்கி. "செம்பு காந்தத்துல ஒட்டுமா?"

"ஒட்டாது அத்தை."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட ஒட்டாது."

பிறகு ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று மகன் நினைத்தான். ஏணியை நோக்கி ஓடினான். பாதி தூரத்தில்தான் அது சிரிப்பென்று தெரிந்தது. மூச்சுக்குத் திணறுகிற, நடுவில் விக்கல் எடுக்கிற, நிறுத்த முடியாத சிரிப்பு.

"அந்தப் பொம்பளை! சுத்தச் செம்புன்னு என் கையில குடுத்து, கண்ணுல தண்ணி வேற விட்டாளே! இதை வச்சு நான் உன்னை என்ன பாடு படுத்தினேன்! இத்தனை நாளும் உன்னை மிரட்டினது ஒரு துண்டு இரும்பாடி!"

"நல்ல முலாம் அத்தை" என்றாள் மருமகள், தன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. "பூசினவன் கெட்டிக்காரன்."

அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். கூண்டு ஆடியது, காந்தம் ஆடியது, தாடி ஆடியது.

தராசம்மா வியாபாரியைச் சும்மா விடவில்லை. "உங்க சரக்கை நீங்களே கொண்டு போங்க" என்றாள். மருமகள் காந்தத்தை லாரிக்கு மேல் நிறுத்தினாள். மாமியார் பொத்தானை மறுபடி அமுக்கினாள். ஒரு லாரிக் குழாய் ஆலங்கட்டி மழையாகக் கொட்டியது. சொம்பும் கூடவே. மகன் வண்டிக்குள் குதித்து, முழங்கால் அளவு குழாய்களுக்குள் நீச்சலடித்துச் சொம்பைத் தேடினான். "இறங்குய்யா, நான் போகணும்!" என்று வியாபாரி கத்த, "எங்கம்மா கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று மகன் கத்த, கடைசியில் ஒரு பக்கம் நசுங்கிய சொம்போடு அவன் வெளியே வந்தான்.

இப்போது இறங்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வந்தது. மாமியார் ஏறும்போது கோபத்தில் ஏறியிருந்தாள். கோபம் இப்போது ஒரு துளியும் பாக்கியில்லை. ஏணியைக் குனிந்து பார்த்தவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்கேயே இருந்துக்கறேன். சாப்பாடு மட்டும் அனுப்புங்க."

"காந்தத்துல தொங்க விட்டு இறக்கிடலாமா?" என்று கீழிருந்து ஒருவர் யோசனை சொன்னார்.

"ஒட்டாது. அம்மா ஒட்டாத கட்சி" என்றான் மகன்.

கடைசியில் மருமகள் முதலில் இறங்கினாள். ஒரு படி இறங்கி, அத்தையின் பாதத்தைக் கையில் பிடித்து அடுத்த படியில் வைத்தாள். பிறகு மற்றப் பாதம். "இடது கால் அத்தை. இன்னும் கீழே. ஆங், வச்சாச்சு. இப்ப வலது." மாமியார் கண்களை இறுக மூடியிருந்தாள். "விட்டுடாதடி", "விட மாட்டேன் அத்தை" என்று ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள். நடுவில் ஒரு தடவை மாமியாருக்குச் சொம்பு ஞாபகம் வந்து சிரிப்புப் பொங்க, ஏணியிலேயே நின்று சிரித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். தரையில் கால் பட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

மகன் நசுங்கிய சொம்பைக் குற்றவாளி போல நீட்டினான். "இரும்புப் பக்கம் போட்டுடட்டுமாம்மா?"

"கொண்டாடா இங்க." வாங்கி இடுப்பில் வைத்தாள். "பேரன் பொறந்து, அவனுக்குப் பொண்டாட்டி வருவா. இவ குடுக்கட்டும். நான் மட்டும் ஏமாறணுமா?" பிறகு மகனின் சட்டைப்பையைப் பார்த்தாள். "அந்தக் குட்டிக் காந்தத்தையும் குடு."

வேலை முடிந்து மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். நடந்தார்கள் என்றா சொல்வது! மாமியாரும் மருமகளும் முன்னால் ஓடினார்கள். விளக்குக் கம்பத்தில் காந்தத்தை வைத்தாள் மாமியார், ஒட்டியது. சாக்கடை மூடி, "வார்ப்பிரும்பு அத்தை, ஒட்டும்." ஒட்டியது. கடை ஜன்னல் சட்டம்; வழுக்கியது. "அலுமினியம் அத்தை. நான் கொண்டுவந்தேனே, அதேதான். ப்ளேன் செய்யறது இதுலதான்." "சொல்ல வேண்டியதுதானே அன்னைக்கே!" கடையின் இழுவைக் கதவு ஒட்டியது, உள்ளே இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு, மழைக்குத் துருப்பிடிக்காமல் இருக்க. வங்கிப் படிக்கட்டின் எவர்சில்வர் கைப்பிடி ஒட்டவில்லை. பேக்கரிக் கைப்பிடி ஒட்டியது. "இவன் மட்டமான எவர்சில்வர் போட்டிருக்கான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் மாமியார். பேக்கரிக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மூலை திரும்பி ஓடி மறைந்தார்கள்.

தையல்காரம்மா வாசலில் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். மாமியார் நேராகப் போய் மெஷினின் மேல் காந்தத்தை வைத்தாள். டொக்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லை. என் மருமகள் கிரேன் ஓட்டுறா. ராட்டினம் இல்லை, கிரேன். நல்லா ஞாபகம் வச்சுக்க. சிலிண்டர் விஷயம் அப்புறம் பேசலாம்."

பின்னால் வந்து சேர்ந்த மகன், வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான். "வாங்க ரெண்டு பேரும். பசி உயிர் போகுது."

திரும்பிப் பார்த்தால் வாசலில் யாருமில்லை. தெருக்கோடியில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா போறீங்க?"

"அடுத்த தெரு இன்னும் பார்க்கலைடா!" என்று திரும்பாமலே கத்தினாள் மாமியார்.